கம்பளிக்கு அவசரம் ஆகாது

கடையில் கம்பளி என்று கேட்டால் எடுத்துப் போடுவதெல்லாம் கம்பளி அல்ல. புசுபுசுவென்று, பெரிய ரோஜாப்பூ படத்தோடு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வருகிறதே 'மிங்க்' போர்வை, அது பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். அதில் ஆட்டு மயிர் பேருக்குக்கூடக் கிடையாது. ஹரியானாவின் பானிபட்டிலிருந்து வரும் மலிவான சாம்பல், பழுப்புப் போர்வைகள் பழைய கம்பளி உடைகளைக் கிழித்து மறுபடியும் நூற்ற நூலில் நெய்தவை. அவற்றில் கம்பளியோடு அக்ரிலிக், நைலான், பாலியெஸ்டர் எல்லாம் கலந்திருக்கும். சிலவற்றில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், பருத்தி. ஊடை, அதாவது குறுக்குநூல், மட்டும் கம்பளி. துவைப்பதற்கு இந்த வேறுபாடு ஓரளவு முக்கியம். சாயம் ஏற்றுவதென்றால் இதுதான் எல்லாமே. கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் சாயப் பொடி வாங்குவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். ஓரத்திலிருந்து பாவு நூல் இரண்டு, ஊடை நூல் இரண்டு உருவிக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சின்ன இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே, மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கிப் பற்றும். சுடரை விலக்கினால் தானே அணைந்துவிடும். தலைமுடி கருகிய நாற்றம் வரும். மிஞ்சுவது கறுப்பாக உப்பிய கரி, விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் கரும்புகையோடு உருகிச் சொட்டும், ஆறியபின் நசுங்காத கெட்டி உருண்டையாக நிற்கும். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். நாற்றமும் உருண்டையும் சேர்ந்தே வந்தால் கலப்பு என்று அர்த்தம்.

அதிலும் தெளியவில்லையா? ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வீட்டு பிளீச்சிங் திரவம் இரண்டு ஸ்பூன் ஊற்றி நூலைப் போட்டு வையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும். கம்பளி நூல் மஞ்சளாகி, நுரைத்து, கொஞ்ச நேரத்தில் கரைந்தே போகும். பருத்தியும் செயற்கை இழையும் அப்படியே கிடக்கும். வெள்ளைக் கம்பளிப் போர்வையில் பட்ட கறைக்கு பிளீச் போடலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கிண்ணமே பதில். அந்தத் திரவத்தைக் கொட்டிக் கழுவிவிட்டுத்தான் வினிகர் பாட்டிலைத் திறக்க வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

கம்பளி ஏன் சுருங்குகிறது?

கம்பளி நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். ஒவ்வொரு மயிரின் மேலும் நுனியைப் பார்த்தபடி சின்னச் சின்னச் செதில்கள் அடுக்கியிருக்கும். ஈரமும் சூடும் ஏறினால் மயிர் உப்பி இளகும். அந்த நிலையில் தேய்த்தால் ஒவ்வொரு மயிரும் அடிப்பக்கமாகவே நகரும், செதில் தடுப்பதால் திரும்பி வர வழியில்லை. நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கி இறுகுவதுதான் சுருக்கம். காரம் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். சலவை சோடா, துணி சோப்புக் கட்டி, சாதாரண டிடர்ஜென்ட் பவுடர் மூன்றும் காரம்தான். பவுடர்களில் கறை நீக்கப் போடும் புரோட்டியேஸ் என்சைம் ரத்தக்கறை, முட்டைக்கறை போன்ற புரதத்தை அரிப்பதற்காகவே இருப்பது. கம்பளியும் புரதம், என்சைமுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

ஆகவே வெந்நீர் மட்டும்தான் எதிரி என்று நினைப்பது தப்பு. சூடான நீரில் அசையாமல் கிடக்கும் கம்பளிக்கு ஒன்றும் ஆகாது, இல்லையென்றால் சாயமே ஏற்ற முடியாது. சூட்டோடு அசைவு சேரும்போதும், சூட்டிலிருந்து திடீரென்று பச்சைத் தண்ணீருக்குப் போகும்போதும்தான் கேடு. ஒருமுறை செதில் சிக்கி இறுகியது இறுகியதுதான். ஹேர் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் பழைய அளவுக்கு வரும் என்று சொல்கிறார்கள். லேசாகச் சுருங்கியதைக் கொஞ்சம் நீட்டலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

துவைப்பது

முதலில், அடிக்கடி துவைக்காதீர்கள். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை, தொட்டால் ஈரமாகத் தெரியாமலே உள்வாங்கும். வியர்வை வாடை பெரும்பாலும் காற்றாட நிழலில் ஒரு பகல் போட்டாலே போய்விடும். உறை போட்டுப் போர்த்தினால் வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் போதும். அந்த ஒரு தடவையை ஐப்பசி, கார்த்திகை மழையில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாளில் காயாத கம்பளி பூஞ்சை வாடை பிடிக்கும். தை முடிந்து மாசி, பங்குனியில் குளிர் விட்டதும் துவைத்து உள்ளே வைப்பதே சரி.

நனைக்கும் முன் நீளம், அகலம், உலர்ந்த எடை மூன்றையும் எழுதி வையுங்கள். வெளியில் தட்டி உதறி, மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தூசி எடுங்கள். கலர் பார்டர் இருந்தால் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் சாயம் போகும், உலர் சலவைக்குக் கொடுத்துவிடலாம்.

தண்ணீர் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை மாதத்தில் மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். காலையிலேயே துவைப்பதும் அலசுவதுமாக எல்லாத் தண்ணீரையும் டிரம்மில் பிடித்து வைத்துவிட்டால், முதல் தண்ணீருக்கும் கடைசித் தண்ணீருக்கும் சூடு ஒன்றாகவே இருக்கும். 2 கிலோ போர்வை தாராளமாக முங்க 50, 60 லிட்டர் டப் வேண்டும். வாளியில் திணித்தால் அழுக்கு போகாது, மடிப்பில் மடிப்பு உரசும்.

சோப்புக்கு இரண்டு வழி. கம்பளிக்கென்றே விற்கும் ஈசி போன்ற திரவத்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி ஊற்றலாம். அல்லது பூந்திக்கொட்டை. 2 கிலோ போர்வைக்குக் கொட்டை நீக்கிய தோல் 100 கிராம், 2 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் 15 நிமிஷம் கொதிக்கவிட்டு, கசக்கி, துணியில் வடிகட்டி, முழுக்க ஆறியபின் டப்பில் கலக்குங்கள். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி திரிதிரியாய்த் திரிந்து மயிரில் ஒட்டும், பூந்திக்கொட்டைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஒரு குறை, வெள்ளைக் கம்பளியில் லேசாகப் பழுப்பு ஏறக்கூடும். வெள்ளைக்குத் திரவமே போதும்.

போர்வையை நாலாக மடித்துத் தண்ணீருக்குள் அமுக்குங்கள். உள்ளங்கையை விரித்து மேலிருந்து அழுத்தி, விட்டு, இடம் மாற்றி அழுத்துவது மட்டும்தான் வேலை. கசக்குவது, முறுக்குவது, துவைக்கல்லில் அடிப்பது எதுவும் கூடாது. 10 நிமிஷம், மிஞ்சினால் 15. பிறகு போர்வையைத் தூக்காமல் டப்பின் தண்ணீரை வடியுங்கள். ஈரக் கம்பளி உலர்ந்ததைவிடப் பலம் குறைந்தது, எடையோ 5, 6 கிலோவை எளிதாகத் தாண்டும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் அந்த எடையே அதை இழுத்துக் கோணலாக்கிவிடும். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, முடிந்தால் இரண்டு பேராக எடுங்கள். இரண்டு அல்லது மூன்று தண்ணீர் அலசி, கடைசித் தண்ணீரில் 10 லிட்டருக்கு 50 மில்லி வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். மிச்சக் காரத்தை அது முறிக்கும். காய்ந்தபின் போர்வை மொடமொடவென்று நின்றால் சோப்பு முழுக்கப் போகவில்லை என்று பொருள், இன்னும் இரண்டு தண்ணீர் அலச வேண்டும்.

வாஷிங் மெஷினில் துவைக்க வேண்டாம் என்பேன், லேபிளில் அனுமதி இருந்து மெஷினில் 'உல்' புரோகிராமும் இருந்தாலொழிய. ஆனால் பிழிவதற்கு மட்டும் மெஷினை விட நல்ல வழி இல்லை. சுழலும்போது துணி டிரம்மின் சுவரோடு ஒட்டிக்கிடக்கும், உரசல் கிடையாது. முன்பக்கக் கதவு மெஷினில் தலையணை உறையிலோ மெத்தை உறையிலோ போட்டு, 400 முதல் 600 சுற்று, இரண்டு நிமிஷம். செமி ஆட்டோமேட்டிக்கின் சின்னப் பிழிதொட்டியில் பெரிய போர்வையைத் திணிக்காதீர்கள், ஒரு பக்கம் கனத்து ஆட்டம் போடும். மெஷின் இல்லாவிட்டால் கயிற்றுக் கட்டிலில் விரித்து ஒரு மணி நேரம் வடியவிட்டு, பழைய டவல்களை வைத்துப் பாய்போலச் சுருட்டி மேலே முழங்கையால் அழுத்துங்கள்.

காயவைப்பதும் கட்டிலிலேயே, நிழலில். கொடியில்தான் போட வேண்டுமென்றால் ஒன்றுக்கு மூன்று கொடியாக இணையாகக் கட்டி எடையைப் பகிர்ந்து போடுங்கள். நேர் வெயில் வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கும். ஈரம் பாதி இருக்கும்போதே எழுதி வைத்த நீள அகலத்துக்கு மெல்ல இழுத்துச் சமன் செய்ய வேண்டும். உலர்ந்தபின் இழுத்துப் பயனில்லை.

கர்நாடகத்தில் குறும்பர்கள் நெய்யும் கறுப்புக் கம்பளிக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் விறைப்பு புளியங்கொட்டைக் கஞ்சியால் வருவது. ஊறினால் கஞ்சி இறங்கி, போர்வை துவண்டுவிடும். கெட்டுப்போனதாகப் பயப்பட வேண்டாம். விறைப்புதான் வேண்டுமென்றால் நனைக்காமல் தட்டி வெயில் படாமல் காற்றாட விடுங்கள்.

சாயம் ஏற்றும் முன் கணக்கு

எந்த நிறம் என்பது இரண்டாவது கேள்வி. எந்தப் பாத்திரம் என்பதே முதல் கேள்வி. சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்காமல் இருக்க உலர்ந்த எடையைப்போல் 30 மடங்கு தண்ணீர் வேண்டும். 2 கிலோ போர்வைக்கு 60 லிட்டர். அது பொங்காமல் கொள்ள 80 லிட்டர் அண்டா. கல்யாண வாடகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியம், அது அமிலத்தோடு வினைபுரியும். செம்பும் இரும்பும் நிறத்தை மங்கடிக்கும். எவர்சில்வர் அல்லது எனாமல்தான் சரி, அதில் பிறகு சோறு வடிக்கக் கூடாது. 70 கிலோவுக்குக் குறையாத கொதிபாத்திரத்தை வீட்டு கேஸ் அடுப்பில் ஏற்றுவது விபத்தை வரவழைப்பது. தரையில் வைக்கும் கனமான பர்னர், திறந்த முற்றம், குழந்தைகள் இல்லாத நேரம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த வேலை.

ஆகவே என் கருத்து, வீட்டில் 1 கிலோவுக்கு உட்பட்ட சால்வை, ஒற்றைப் போர்வை, குழந்தைப் போர்வை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய இரட்டைப் போர்வையைச் சாயப்பட்டறைக்குக் கொடுப்பதே உத்தமம். கீழே வரும் அளவுகள் 800 கிராம் உலர்ந்த கம்பளிக்கு. 24 லிட்டர் தண்ணீர், 35, 40 லிட்டர் பாத்திரம்.

கம்பளிக்கு ஏற்றது அமிலச் சாயம். அமிலத்தில் கம்பளிப் புரதம் நேர்மின்னேற்றம் பெறும், சாயத் துகள் எதிர்மின்னேற்றம் கொண்டது, சூட்டில் உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளும். பருத்தியும் பாலியெஸ்டரும் இதை ஏற்காது. பருத்திப் பாவு இருந்தால் அது வெளுப்பாகவே நிற்கும், விளிம்பில் தைத்த பாலியெஸ்டர் நூலும் பழைய நிறத்திலேயே இருக்கும். மளிகைக் கடையில் தொங்கும், என்ன வகை என்றே போடாத பொட்டலச் சாயத்தை உடம்பில் படும் போர்வைக்கு வாங்காதீர்கள். புற்றுநோய் அபாயம் கருதி இந்தியா 1997-ல் 'அசோ' என்ற வேதிவகையைச் சேர்ந்த 70 சாயங்களைத் தடை செய்தது. பெயர் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மிதமான நிறத்துக்குச் சாயம் எடையில் 1 சதவீதம், அதாவது 8 கிராம். அழுத்தமான நிறத்துக்கு 16 கிராம். கறுப்புக்கு 32. பொடி எடுக்கும்போது என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் கட்டாயம், மின்விசிறியை நிறுத்துங்கள். சாயப் பொடி நுரையீரலுக்குள் போனால் சிலருக்கு ஒவ்வாமையாக நிலைத்துவிடும். கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்து, அரை லிட்டர் கொதிநீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாத சாயம் போர்வையில் புள்ளி புள்ளியாக உட்காரும்.

போர்வையை முன்ராத்திரியே, இரண்டு சொட்டு கம்பளித் திரவம் விட்ட தண்ணீரில் ஊறப் போடுங்கள். உள்வரை நனையாத இடத்தில் சாயம் ஏறாது. பாத்திரத்தில் 40 டிகிரித் தண்ணீர், சாயக் கரைசல், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட் 80 கிராம். உப்பு சாயத்தை அவசரப்படாமல் பரவ வைக்கும். பிறகு வினிகர் 100 மில்லி அல்லது சிட்ரிக் ஆசிட் 25 கிராம், பாதியை இப்போது, பாதியை அரை மணி கழித்து. உப்புத் தண்ணீர் ஊர்களில் இந்த அளவு போதாது, அமில அளவைக் காட்டும் பிஎச் தாளில் 4.5 முதல் 5 வரை காட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் போர்வையை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஊற்ற வேண்டும், நேராகத் துணிமேல் ஊற்றினால் அந்த இடம் கறுக்கும்.

நிமிஷத்துக்கு 1 டிகிரி வீதம் 85 வரை ஏற்றுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். 85-ல் 45 நிமிஷம். தளதளவென்று கொதிக்கக் கூடாது, கொப்புளங்களே துணியை உலுக்கி இறுக்கிவிடும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும், அங்கே இன்னும் எச்சரிக்கை வேண்டும். மழமழப்பான இரண்டு கம்புகளால் அடியிலிருந்து தூக்கி மேலே புரட்டுங்கள், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம். சாம்பாரைக் கலக்குவதுபோல் சுழற்றிக் கலக்கக் கூடாது. தண்ணீர் தெளியத் தெளியச் சாயம் துணிக்குள் போகிறது. 45 நிமிஷத்துக்குப் பிறகும் கலங்கியிருந்தால் இன்னும் இரண்டு ஸ்பூன் வினிகர், 15 நிமிஷம். அடுப்பை அணைத்து, மூடி, அப்படியே மறுநாள் காலைவரை ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்துப் பைப்புத் தண்ணீரில் பிடிப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. அந்த நொடியில் போர்வை பாதியாகும், கையும் வெந்துபோகும்.

திட்டுத்திட்டாக வந்திருக்கிறதா? பரவும் வகை அமிலச் சாயம் என்றால், கூடுதல் அமிலம் சேர்க்காமல் மறுபடியும் அதே பாத்திரத்தில் 85 டிகிரியில் அரை மணி வைத்தால் பெரும்பாலும் சமமாகும். ஆகாவிட்டால் அதைவிட அழுத்தமான நிறம் ஏற்றுவதே வழி. இயற்கையிலேயே பழுப்பு அல்லது கறுப்பான கம்பளியை வெளிர் நிறமாக்க முடியாது. சாம்பல் கம்பளியில் சிவப்பு ஏற்றினால் வரும் அரக்கு நிறம் மட்டும் கடையில் வாங்க முடியாத அழகு.

பூவும் தோலும்

பொடி வேண்டாம் என்பவர்களுக்குப் பூவும் தோலும் இருக்கின்றன, அவற்றின் நிறத்தைக் கம்பளியில் பிடிக்க வைக்கப் படிகாரம் இருக்கிறது. 800 கிராமுக்குப் படிகாரம் 100 கிராம், இருந்தால் கிரீம் ஆஃப் டார்டார் என்ற அமில உப்பு 40 கிராம். வெந்நீரில் கரைத்து, போர்வையை இட்டு, அதே மெதுவான சூட்டில் 80 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம், ராத்திரி முழுக்க ஆற விடுதல். படிகாரம் கூடினால் கம்பளி பிசுபிசுக்கும். ஆயுத பூஜை முடிந்து வாடிக் கிடக்கும் செண்டுமல்லி மாலைகளை நிழலில் காயவைத்து வையுங்கள். 800 கிராம் உலர்ந்த இதழை ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டிய சாற்றில், படிகாரம் ஏறிய போர்வை பொன் மஞ்சளாகும். வெங்காயத் தோல் அதே எடை போட்டால் ஆரஞ்சுப் பழுப்பு. கடைசியில் 8 கிராம் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, கரைத்து ஊற்றினால் மஞ்சள் ஆலிவ் பச்சையாகத் திரும்பும். 16 கிராமுக்கு மேல் போகாதீர்கள், இரும்பு கம்பளியைச் சொரசொரப்பாக்கி நொறுங்க வைக்கும். மஞ்சிட்டி என்ற சாய வேர் போடுகிறவர்கள் 70 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால்தான் சிவப்பு, தாண்டினால் செம்மண் பழுப்பு. மஞ்சள்தூள் பார்க்கப் பளிச்சென்று ஏறும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், அதற்காக இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. படிகாரத்துக்குப் பதிலாக மயில்துத்தமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் வீட்டுப் பக்கமே வேண்டாம். முன்னது நச்சு, பின்னது புற்றுநோய் உண்டாக்குவது. 'இயற்கைச் சாயம்' என்ற பெயரில் யார் சிபாரிசு செய்தாலும் அப்படித்தான்.

மிச்சத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது நொய்யலில் கலந்த கழிவுக்காக. ஒரு வீட்டின் 24 லிட்டர் அதோடு ஒப்பிட ஒன்றுமில்லைதான், ஆனாலும் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். தண்ணீர் தெளியும்வரை சாயத்தைத் துணியிலேயே ஏற்றிவிட்டு, ஆறியபின் சமையல் சோடாவை நுரை அடங்கும்வரை தூவி அமிலத்தை முறித்து, பாதாளச் சாக்கடை இணைப்பில் ஊற்றுங்கள்.

போர்வை உலர்ந்ததும் வெள்ளைத் துணியை நனைத்து முதுகுப்பக்கம் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் இன்னும் இரண்டு தண்ணீர். உள்ளே வைக்கும்போது ஈரம் துளியும் இருக்கக் கூடாது. கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தையே அது முதலில் தேடும், அதனால்தான் துவைத்து வைக்கச் சொல்வது. புழு விழுந்துவிட்டதென்று தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். வசம்பு, வேப்பிலை போடுவதில் தப்பில்லை, ஆனால் அவை விரட்டுமே தவிர ஏற்கனவே விழுந்த புழுவைக் கொல்லாது. நாப்தலீன் உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த போர்வையைக் கைக்குழந்தைக்கு அப்படியே போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். குழந்தை உள்ள வீட்டில் அந்த உருண்டையை வாங்காமல் இருப்பதே நல்லது.